சிறாரும் தோட்டமும்: விளையாட்டுக்கும் உழைப்புக்கும் இடையே

'தோட்டம்' என்னும் சொல் ஈழத்துத் தமிழர் அனைவருக்கும் பொதுவான சொல்லே எனினும், அது அனைவருக்கும் ஒரே பொருளைத் தருவதன்று. யாழ்ப்பாணத்து விவசாயிக்குத் தோட்டம் என்பது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் நிலம். மலையகத் தொழிலாளிக்கு அது கம்பனியின் தேயிலைப் பரப்பு. அவர் வாழும் லயமும் அவர் பெயர் பதிந்த செக்ரோலும் அதற்குள் அடங்கும். கொழும்பு நகரிற் சுவரோடு சுவர் முட்டி நிற்கும் வறியோர் குடியிருப்புகளும் 'தோட்டம்' என்றே வழங்கப்படுகின்றன. நடுத்தர வகுப்பாரின் வீட்டிலோ அது முற்றத்துக் குரோட்டன்களையும் ரோசாச் செடிகளையும் குறிக்கும். ஒரு சொல்லுக்குள் நான்கு வகையான வாழ்க்கைகள் ஒளிந்திருக்கின்றன.

சிறு பிள்ளைகளோடு சேர்ந்து தோட்டஞ் செய்து மகிழ்வது பற்றிப் பேசப் புகுவோர் இவ்வேறுபாட்டை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். ஒரு பிள்ளைக்கு வாளியில் நீர் சுமப்பது விளையாட்டு. இன்னொரு பிள்ளைக்கு அதுவே பள்ளிக்குப் போகுமுன் முடித்தாக வேண்டிய வேலை. செயல் ஒன்றே, அதன் சமூகப் பொருள் வேறு. எனவே, 'பிள்ளைகள் இயற்கையை விரும்புவர்' என்ற பொதுப்படையான கூற்றோடு நாம் அமைதிகொள்ள முடியாது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தகைய தோட்டச் செயல்களில் உண்மையான மகிழ்ச்சி அடைகின்றனர், அம்மகிழ்ச்சி எதன் அடியாகப் பிறக்கிறது, எந்நிலையில் அது அழிந்துபோகிறது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கியம் காட்டும் இரு நிலைகள்

பிள்ளைகளும் பயிரும் பற்றிய சிந்தனை நமக்குப் புதியதன்று. நற்றிணையின் 172ஆம் பாட்டு நெய்தல் நிலத்துக்குரியது. தலைவியும் தோழியரும் விளையாடும்போது புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்துகின்றனர். பின்னர் அதனை மறந்துபோகின்றனர். மறந்துபோன விதை முளைக்கிறது. முளைத்ததற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கின்றனர். அம்மரம் உங்களினும் சிறந்த உடன்பிறப்பு என்று தாய் சொல்கிறாள். உடன்பிறப்பின் முன்னிலையில் தலைவனோடு நகைத்துப் பேச நாணமாயிருக்கிறது என்பதே பாட்டின் போக்கு.

காதற் பாட்டாக மட்டும் இதனைப் படித்துப் பழகியவர்கள் ஒன்றைத் தவறவிட்டுவிடுவர். சிறாரின் தோட்டக்கலைக்குரிய அடிப்படை அம்சங்கள் இதில் அடங்கியுள்ளன. நடுமாறு யாரும் கட்டளையிடவில்லை. நட்டதை மறக்கும் உரிமையும் பிள்ளைகளுக்கு இருந்தது. எதிர்பாராது முளைத்தபோது வியப்புப் பிறந்தது. வியப்புப் பராமரிப்பாகவும், பராமரிப்பு உறவாகவும் மாறிற்று. எனினும், மரத்துக்கு நெய்யும் பாலும் ஊற்றக்கூடிய வீடு அது என்பதையும் நாம் மறத்தலாகாது. உணவுக்கு மேல் எஞ்சுவது இருந்த இடத்திலேயே இவ்விளையாட்டு நிகழ்ந்தது.

குறிஞ்சிப் பாட்டுகள் இன்னொரு நிலையைக் காட்டுகின்றன. அங்கே சிறுமியர் தினைப்புனத்துப் பரணில் இருந்து தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளி கடிகின்றனர். புலவர்க்கு அது காதலர் சந்திக்கும் களம். ஆனால் பயிரை நம்பி வாழும் குடிக்கு அது காவல் வேலை. விளைச்சலிற் பங்குபெறும் ஒவ்வொருவரின் உழைப்பும் வேண்டப்பட்ட சமுதாயத்தின் தேவை. ஒரே இலக்கியப் பரப்பில், ஓரிடத்தில் மரம் நட்டு விளையாடும் பிள்ளையும் இன்னோரிடத்திற் பயிர் காக்கும் பிள்ளையும் நிற்கின்றனர். தோட்டத்திலே பிள்ளைக்கு உரிய இடம் எது என்ற கேள்வி இவ்விரண்டுக்கும் இடையிலேயே பிறக்கிறது.

2. கோட்பாட்டுப் பின்னணி

நவீன கல்வி வரலாற்றில் இக்கேள்விக்கு முறையான விடை காண முயன்றவர் ஜேர்மனியைச் சேர்ந்த பிரெடெரிக் புரோபெல் (1782–1852). அவர் 1837இற் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிற் சிறாருக்கான நிலையமொன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது சிறுவர் தோட்டம், எனப் பெயரிட்டார். இப்பெயர் வெறும் உருவகமன்று. பிள்ளைகளுக்கென உண்மையான பாத்திகள் அங்கே வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறு தனிப்பாத்தி. அவற்றைச் சூழப் பூக்களுக்கும் காய்கறிகளுக்குமான பொதுப்பாத்திகள். தனிப்பாத்தியில் பிள்ளை விரும்பியவாறு பயிரிடலாம். பொதுப்பாத்தியைக் கூடிப் பேண வேண்டும். தனிமனிதனுக்கும் சமூகத்துக்கும் இடையிலான உறவை மண்ணிலேயே வரைந்து காட்டும் திட்டம் இது. புரோபெலின் தத்துவம் கருத்துமுதல்வாதத்தில் ஊறியது என்பது உண்மையே. எனினும் 1851இற் பிரஷ்ய அரசு இந்நிலையங்களைத் தடைசெய்தது. 1860 வரை அத்தடை நீடித்தது. பிள்ளைகள் கூடிப் பயிர் செய்வதிலே நாத்திகத்தையும் சமவுடைமையையும் கண்டு ஆளும் வகுப்பினர் அஞ்சினர் என்பது சிந்தனைக்குரியது. இன்று புரோபெலின் பெயர் நிலைத்திருக்கிறது. பாத்திகளை மட்டும் பெரும்பாலான பாலர் பாடசாலைகள் கைவிட்டுவிட்டன.

மரியா மொண்டிசோரியும் 1909இல் வெளிவந்த தம் நூலிலே செடிகளையும் விலங்குகளையும் பேணுதலுக்குத் தனி இடம் அளித்தார். விதைத்தபின் விளைவுக்காகக் காத்திருக்கும்போது பொறுமையும் முன்னோக்கும் தாமாகவே உருவாகின்றன என்பது அவர் கண்ட உண்மை. அவர் 1939இல் இந்தியாவுக்கு வந்து போர்க்காலம் முழுவதும் அங்குத் தங்கியிருந்தார். 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார்.

கல்வியையும் உற்பத்தி உழைப்பையும் உடற்பயிற்சியையும் இணைப்பதே எதிர்காலக் கல்வியின் வித்து என மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) எழுதினார். ரொபேர்ட் ஓவனின் அனுபவம் அவருக்கு ஆதாரமாயிருந்தது. இக்கருத்தைச் சிறு பிள்ளைகளின் மீது அப்படியே சுமத்துவோர் உளர். அது தவறு. முதலாம் அகிலத்தின் ஜெனீவா மாநாட்டுக்காக 1866இல் மார்க்ஸ் வரைந்த குறிப்புகள் ஒன்பது வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றியே பேசுகின்றன. அவர்களுள் ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேற்பட்ட வேலை ஆகாதென வரையறுக்கின்றன. நாம் இங்கே எடுத்துக்கொண்ட வயதினர் அவ்வெல்லைக்கு மிகவும் கீழே உள்ளவர்கள். அவர்களுக்கு உரியது உற்பத்தி உழைப்பன்று, விளையாட்டு.

ஆனால் விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கன்று. சோவியத் உளவியலாளர் விகொட்ஸ்கி 1933இல் ஆற்றிய விரிவுரையொன்றில், பள்ளிப் பருவத்துக்கு முந்திய பிள்ளையின் வளர்ச்சியை முன்னெடுத்துச் செல்வது விளையாட்டே என விளக்கினார். விளையாட்டிற் பிள்ளை விதிகளுக்குத் தானே விரும்பிக் கட்டுப்படுகிறது. தன் வயதை விஞ்சி நடந்துகொள்கிறது. 'நான் தோட்டக்காரன்' எனச் சொல்லி ஒரு பிள்ளை செடிக்கு நீர் ஊற்றும்போது, விளையாட்டின் விதியும் செடியின் தேவையும் ஒன்றாகின்றன. பொம்மைக்கு உணவூட்ட மறந்தாற் பொம்மை வாடுவதில்லை, செடி வாடும். விளையாட்டுக்குள்ளே மெய்யுலகம் நுழையும் வாயில் இதுவே. தோட்டத்தின் தனிச்சிறப்பும் இதிலேயே தங்கியுள்ளது.

இவற்றிலிருந்து மூன்று நியதிகளைப் பெறலாம். முதலாவது, முழுமை: விதையிலிருந்து உணவு வரையுள்ள முழுச் செயலையும் பிள்ளை காணல் வேண்டும். இரண்டாவது, அளவு: பிள்ளையின் கைக்கும் நினைவுக்கும் அடங்குவதாகத் தோட்டம் அமைதல் வேண்டும். மூன்றாவது, உரிமை: எதை நடுவது, விளைந்ததை யாருக்குக் கொடுப்பது என்பனவற்றிற் பிள்ளையின் சொல்லுக்கு மதிப்பிருத்தல் வேண்டும். இனி நடைமுறைக்கு வருவோம்.

3. செயல்களும் அவற்றின் பயனும்

விதை. சிறு விரல்களுக்குப் பெரிய விதைகளே ஏற்றன. பயறு, கௌபி, பயற்றை, வெண்டி, பூசணி, சோளன் என்பன பிள்ளைகள் எளிதிற் பிடித்து ஊன்றக்கூடியவை. கத்தரி, மிளகாய் விதைகள் நுண்ணியவை. நாற்றுமேடையும் மறுநடுகையும் வேண்டுபவை. ஆதலாற் பின்னைய பருவத்துக்கு உரியவை. தேங்காய்ச் சிரட்டையின் கண்ணைத் துளைத்து, மண்ணும் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பினால் முதற் பாத்தி ஆயத்தமாகிவிடும். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதுமானது. அதிகம் ஆழ ஊன்றிய விதை வெளிவருமுன் தன் சேமிப்பை இழந்துவிடும். ஓரிரவு ஊறிய பயறு ஈரத்துணியில் ஓரிரு நாளில் வேர் விடும். மண்ணில் மூன்று முதல் ஐந்து நாளில் முளை தலைகாட்டும். நான்கு வயதுப் பிள்ளையின் பொறுமைக்கு ஏற்ற கால அளவு இது.

வேரைக் காணும் ஆவலும் பிள்ளைகளுக்கு உண்டு. அதனாலேயே ஊன்றிய விதையைத் தோண்டித் தோண்டிப் பார்க்கின்றனர். இதனைக் குறும்பு எனக் கடிவது முறையன்று, அது ஆய்வு. கண்ணாடிப் போத்தலொன்றின் உட்சுவரை ஒட்டி நனைந்த கடதாசியைச் சுற்றி, இரண்டுக்கும் இடையே கௌபி விதைகளைச் செருகிவிட்டால் வேர் இறங்குவதை நாள்தோறும் காணலாம். இரண்டு அங்குலம் வேர்விட்டதும் போத்தலைச் சரித்து வைத்தால், வேரின் நுனி மீண்டும் வளைந்து கீழ்நோக்கியே செல்லும். 'கீழே எது என்று வேருக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டியதில்லை, பிள்ளையே கேட்கும்.

ஒளி. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நம்மவர் சொல்வர். ஒரு பிள்ளையின் எதிர்காலம் பிறவியிலேயே தீர்மானிக்கப்பட்டது என்னும் எண்ணத்துக்கு இப்பழமொழி இன்றும் துணைபோகிறது. இதனைச் சோதிக்க இரண்டு சிரட்டைகள் போதும். ஒரே கைப்பிடிப் பயற்றிலிருந்து எடுத்த விதைகளை இரண்டிலும் ஊன்றி, ஒன்றை வெயிலிலும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்தல் வேண்டும். முதல் வாரத்தில் இருட்டில் இருப்பதே நெடிது வளரும். பிள்ளைகள் அதுவே வென்றது என்று ஆரவாரிப்பர். பின்னர் அது வெளிறி மெலிந்து சாயும். வெயிலில் நின்றதோ குட்டையாயினும் பசுமையுடன் நிமிர்ந்து நிற்கும். சாய்ந்ததைக் காலந் தாழ்த்தாது ஒளிக்குக் கொண்டுவந்தால் இலைகள் பச்சை பிடிக்கத் தொடங்கும். ஒரே விதை, இருவேறு சூழல், இருவேறு கதி. எந்தச் சொற்பொழிவும் புகட்டாத சமூகவியற் பாடத்தை இரண்டு சிரட்டைகள் புகட்டிவிடுகின்றன. முளையைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுமுன் அது எங்கே வைக்கப்பட்டிருந்தது எனக் கேட்கப் பழகிய பிள்ளை, பிற்காலத்தில் மனிதரைப் பற்றியும் அவ்வாறே கேட்கும் என நாம் நம்பலாம்.

நீர். பாற்பேணியின் அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளையிட்டு, விளிம்பைத் தட்டி மழுக்கிவிட்டால் பிள்ளைக்கு ஏற்ற பூவாளி கிடைத்துவிடும். எனினும் சிறாரின் தோட்டங்கள் நீரின்றிச் சாவதைவிட நீர் மிகுந்து சாவதே அதிகம். ஒவ்வொரு பிள்ளையும் ஊற்ற விரும்பும். வேர் மூச்சு முட்டி அழுகும். எனவே, முதலிற் சுட்டுவிரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கப் பழக்குதல் வேண்டும். விரலில் ஈரம் பட்டால் இன்று நீர் வேண்டாம். கட்டளைக்குப் பதிலாகத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும் முறை இது. கிணற்றடியில் மாத்திரம் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை: கட்டில்லாக் கிணறுள்ள வளவிற் பெரியவர் ஒருவர் இல்லாமற் பிள்ளைகளை விடுதல் ஆகாது.

பனம்பாத்தி. வடபுலத்துச் சிறாருக்கு இதனைவிடச் சிறந்த கூட்டுத் தோட்டம் வேறில்லை. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழங்களின் விதைகளைப் பொறுக்குதல், எண்ணுதல், சுமந்து வருதல், மணற்பாங்கான நிலத்திற் பெரியவர் அமைத்த பாத்தியில் நெருக்கமாக அடுக்குதல், மண்ணால் மூடுதல் ஆகிய அனைத்திலும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் பங்குண்டு. மற்றைய பயிர்களின் முளை மேல்நோக்கி எழ, பனையின் முளை முதலில் மண்ணுக்குள் இறங்குகிறது; கிழங்கு அங்கேயே உருவாகிறது. மாரி மழை முடிந்து மார்கழி, தையிற் பாத்தியைக் கிண்டும்போது அது புதையல் எடுப்பதற்கு ஒப்பாகும். விதையைப் பிளந்தால் உள்ளே பூரான். அது பிள்ளைகளின் பங்கு. கிழங்கை அவித்தும் உண்ணலாம். காயவைத்து ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் ஆண்டு முழுவதும் வைத்திருக்கலாம். பஞ்ச காலத்தில் ஏழைகளைக் காத்த உணவு என்பதாலேயே வசதி படைத்தோர் இதனைத் தாழ்வாக நோக்கினர். பள்ளித் தோட்டத்திற் குரோட்டனுக்கு இடமிருந்து பனம்பாத்திக்கு இடமில்லாமற் போனமை தற்செயலானதன்று.

புழுவும் பூச்சியும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் காணப்படும் புழு, தொடக்கத்திற் பறவை எச்சத்தைப் போலிருந்து, பின்னர் பச்சை நிறம் பெற்று, கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாய் வெளிவரும். முட்டையிலிருந்து இவ்வளவும் நிகழ ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். இங்கே உண்மையான முரண்பாடொன்று எழுகிறது. இலை நமக்கு வேண்டும், புழுவுக்கும் வேண்டும். இதனைப் பிள்ளைகளின் முன் மறைக்கத் தேவையில்லை. ஒரு கிளையைப் புழுவுக்கு விட்டு மற்றவற்றை நாம் வைத்துக்கொள்வோமா என அவர்களையே தீர்மானிக்கவிடலாம். நஞ்சு தெளிப்பது எளிய வழி. ஆனால் பிள்ளைகள் தொடும் செடிக்கு நஞ்சு ஏற்றதன்று. வெறுமையான கிருமிநாசினிப் போத்தல்களையும் அவர்களின் கைக்கு எட்டவிடலாகாது. எருக்கலையின் பால் கண்ணிற் படுவதும், பச்சை மரவள்ளிக் கிழங்கை வாயில் வைப்பதும் தீங்கானவை என்பதையும் சொல்லிவைத்தல் வேண்டும்.

குப்பை. பூவரசு இலையைத் தோட்டத்திற் புதைத்துப் பசளையாக்குவது யாழ்ப்பாணத்து விவசாயியின் பழைய வழக்கம்; அதே இலையைச் சுருட்டிக் குழலாக ஊதுவது அவர் பிள்ளையின் விளையாட்டு. இலைகளையும் சமையற் கழிவுகளையும் ஒரு குழியிலிட்டு மண் தூவி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிப் பார்க்கப் பிள்ளைகளை அழைக்கலாம். வாழைப்பழத் தோல் எப்போது காணாமற் போயிற்று, முட்டைக்கோது ஏன் இன்னும் கிடக்கிறது, மண்புழு எங்கிருந்து வந்தது என்பன அவர்கள் தாமே கண்டறியக்கூடியவை. அழுகுதல் அழிவன்று, மாற்றம் என்பது இயங்கியலின் பாலபாடம். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் அப்பாடத்தின் ஒரு பகுதியே.

அறுவடை, பகிர்வு, விதை. முளைக்கீரை இருபத்தைந்து முப்பது நாளிற் பறிக்கத்தக்கது. சிறாரின் முதற் பாத்தியிற் கீரை இடம்பெறுவது நன்று; பயற்றையும் வெண்டியும் காய்க்க ஐம்பது அறுபது நாள் செல்லும். பறித்ததை அன்றே சமைத்து, அதைப் பயிரிட்டவரின் கையாலேயே பரிமாறச் செய்தல் வேண்டும். கீரையைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளை தான் விளைவித்த கீரையைச் சுவைத்துப் பார்க்கத் துணிவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பொதுப்பாத்தியின் விளைச்சல் குறைவாயின் அதனை எவ்வாறு பங்கிடுவது என்பதையும் பிள்ளைகளே பேசித் தீர்க்கட்டும். சமமாகவா, அதிகம் உழைத்தவருக்கு அதிகமாகவா, நோயுற்று வராதிருந்தவருக்கும் பங்கு உண்டா? அரசியற் பொருளாதாரத்தின் பெருங் கேள்விகள் ஒரு கட்டுக் கீரையைச் சுற்றி எழும்.

ஈற்றில், ஒன்றிரண்டு பயற்றங்காய்களைப் பறியாது கொடியிலேயே முற்ற விட்டு, விதையெடுத்து, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து வைத்தல் வேண்டும். அடுத்த பருவத்தில் அதே விதையை ஊன்றும்போதே பிள்ளையின் தோட்டம் முழுமை பெறுகிறது. கடையில் விற்கும் கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை. விவசாயி பருவந்தோறும் கடைக்குப் போக வேண்டியுள்ளது. ஆதலின், அயல்வீட்டு நாட்டு விதையிலிருந்து தொடங்குவதே தகும்.

4. மகிழ்ச்சியை அழிப்பவை

மேற்கூறிய செயல்கள் ஒவ்வொன்றும் தம்மியல்பில் இன்பமானவை அல்ல. அவற்றை இன்பமாக்குவது முழுமையும் அளவும் உரிமையுமே. இவற்றை நீக்கிவிட்டால் அதே செயல் சுமையாகிவிடும். பிந்தி வந்த மாணவரைப் புல்லுப் பிடுங்க விடும் வழக்கம் நமது பாடசாலைகள் பலவற்றில் இருந்து வந்துள்ளது. மண்ணைத் தொடுவது தண்டனை என்று இவ்வாறு கற்பித்துவிட்டு, பின்னர் விவசாயத்தின் மேன்மையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். உடலுழைப்பை இழிவாகவும் மூளையுழைப்பை உயர்வாகவும் கருதும் மனப்பான்மைக்கு, சாதியமைப்பில் வேரூன்றிய நமது சமூகத்தில், இதைவிட வலுவான பயிற்சி வேண்டியதில்லை. ஆண்பிள்ளைக்கு மண்வெட்டியும் பெண்பிள்ளைக்குத் தும்புத்தடியும் கொடுக்கும் பிரிவினையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

அடுத்தது நிலம் பற்றியது. மலையகத்தில் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆண், பெண் ஆகியோருக்குப் போலவே சிறுவருக்கும் தனிக் கூலி விகிதம் வகுக்கப்பட்டது. அங்கே பிள்ளை தோட்டத்தை அறிந்தது விளையாட்டாக அன்று, செக்ரோலில் ஏறிய பெயராகவே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தமோ, 1992இற் கம்பனிகளுக்கு முகாமை கையளிக்கப்பட்டமையோ தொழிலாளியை நிலத்துக்கு உரியவராக்கவில்லை. காலைப் பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுச் செல்கிறாள். ஆயிரக்கணக்கான ஏக்கர் பசுமையின் நடுவே, அப்பிள்ளை தன் விருப்பப்படி ஒரு விதை ஊன்றுதற்கு ஒரு முழ நிலம் இல்லை என்பது முரண்பாடுகளுள் மிகக் கூரியது.

வடக்கிலோ மண்ணே அச்சத்துக்குரியதாயிற்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தனர். போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரும் பல்லாண்டுகள் கண்ணிவெடி அகற்றும் பணி தொடர்ந்தது. 'நிலத்தைத் தோண்டாதே, கிடப்பதைத் தொடாதே' என்பதே ஒரு தலைமுறைக்குக் கற்பிக்கப்பட்ட முதற் பாடம். அத்தகைய மண்ணிலே, துப்புரவானது என உறுதிசெய்யப்பட்ட ஒரு மூலையில், ஒரு பிள்ளை அச்சமின்றி விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்ப்பது சிறு செயலன்று.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் மீண்டும் தேசியக் கோஷமாயிற்று. அரச ஊழியர் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து விளைச்சலை வீழ்த்திய அரசே, அதன் சுமையைக் குடும்பங்களின் கொல்லைப்புறத்துக்கு மாற்றியது. இவ்விடத்தில் நாம் தெளிவாக இருத்தல் வேண்டும். ஒரு பாத்திக் கீரை ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்க்காது. சிறாரின் தோட்டத்தை உணவுப் பஞ்சத்துக்குப் பரிகாரமாகக் காட்டுவது, பெரியோரின் அரசியற் பொறுப்பைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றுவதாகும். பிள்ளையின் பாத்தி விளையாமற் போனாலும் பிள்ளை பட்டினி கிடக்காது என்ற உறுதி இருக்கும்போதே அது விளையாட்டு. அவ்வுறுதி இல்லாதபோது அது தினைப்புனக் காவலே.

5. முடிவுரை

எனவே, சிறாரோடு தோட்டஞ் செய்வதன் மகிழ்ச்சி உழைப்புக்கு எதிரானதன்று. பயனிலிருந்து பிரிக்கப்படாத உழைப்பின் முதற் சுவையே அது. தான் ஊன்றியது, தான் பேணியது, தான் பகிர்ந்தது, தான் மீண்டும் விதைத்தது என்ற தொடர்ச்சியை ஐந்து வயதில் ஒருமுறை முழுமையாக அனுபவித்தவர், பிற்காலத்தில் அத்தொடர்ச்சி எங்கே அறுக்கப்படுகிறது என்பதை இலகுவில் இனங்காண்பர்.

இதற்கு வேண்டியவை மிகச் சில. ஒரு கைப்பிடிப் பயறு, நான்கு சிரட்டைகள், துளையிட்ட ஒரு பேணி, மூன்றடிக்கு மூன்றடிப் பாத்தி. ஒவ்வொரு முன்பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளைக் காம்பிராவிலும் இவற்றை அமைத்தல் இயலாததன்று. ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றோடு வேண்டப்படுவது இன்னொன்று: பிள்ளையின் அருகிற் குந்தியிருந்து, அது விரலை மண்ணுக்குள் விட்டுச் சொல்லும் தீர்ப்பைக் கேட்பதற்கு ஒரு பெரியவரின் அரைமணி நேரம். விடிகாலையிற் கொழுந்தெடுக்கப் போய் இருளுமுன் திரும்பும் தாய்க்கும், இரு வேலை பார்த்து இரவில் வீடு சேரும் தந்தைக்கும் மேற்கூறிய பொருள்கள் அனைத்திலும் கிடைத்தற்கரியது அதுவே. வேலைநேரக் குறைப்புக்கான போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த அரைமணி நேரத்தையும் நாம் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.